சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரம், நேரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகும் டிக்கெட்டில் இரவு 23:15 புறப்பாடு, காலை 06:10 வருகை என்று இருக்கும். ஏறக்குறைய ஏழு மணி நேரம் என்று நினைக்கத் தோன்றும். திரும்பும் டிக்கெட்டில் 20:20 புறப்பாடு, 22:00 வருகை. இங்கே ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. உண்மையில் இரண்டு பயணமும் நாலேகால் மணி நேரத்தை ஒட்டியவைதான். இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது, தூரம் எவ்வளவு, நேரம் ஏன் கூடிக் குறைகிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை இருக்கிறது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை சுமார் 2,925 கி.மீ. மைலில் சொன்னால் ஏறத்தாழ 1,818. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 1,580-ஐ ஒட்டி வரும். பூமியின் வளைந்த பரப்பின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே போகக்கூடிய மிகக் குறுகிய வழியின் நீளம் இது.

ஒரு செயலியில் 1,580, இன்னொன்றில் 1,818, வேறொன்றில் 2,925. எது சரி?

மூன்றும் ஒரே தூரம்தான், அலகுதான் வேறு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானத்தை நேரலையில் காட்டும் செயலிகள் பெரும்பாலும் கடல் மைலில் காட்டும். அலகு ஒன்றாக இருந்தும் ஐந்து, பத்து கிலோமீட்டர் வேறுபட்டால், ஒரு தளம் நகர மையங்களுக்கு இடையிலும் மற்றொன்று விமான நிலையங்களுக்கு இடையிலும் அளந்திருக்கும். மீனம்பாக்கம் நகர மையத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது, சாங்கியோ தீவின் கிழக்கு ஓரத்தில். அந்த வித்தியாசம் எண்ணில் தெரியும்.

விமானம் அந்த நேர்கோட்டிலேயே பறக்குமா?

ஏறக்குறைய. இந்த வழித்தடத்தில் இடையே உயரமான மலையோ, சுற்றிப் போக வேண்டிய மூடப்பட்ட வான்பரப்போ இல்லை. பெரும்பகுதி கடல். கோடு சென்னையிலிருந்து தென்கிழக்கே வங்கக்கடலைக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவை ஒட்டி, சுமத்ராவின் வட முனைக்குச் சற்று வடக்கே போய், மலாக்கா நீரிணையின் நீளவாக்கில் இறங்குகிறது. பிறகு போர்ட் டிக்சன், மலாக்கா பக்கம் மலேசியக் கரையைத் தொட்டு, ஜொகூருக்கு மேலாக சாங்கியை அடைகிறது.

நடைமுறையில் விமானங்கள் இந்தக் கோட்டை ஒட்டிய வான்பாதைகளில் போகும். புறப்படும் திசை, இறங்கும் வரிசை, வழியில் இடிமேகத்தைச் சுற்றுவது எல்லாம் சேர்ந்து தூரம் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை கூடலாம். அதாவது சுமார் 90 முதல் 150 கி.மீ. வழியில் விமானத்தை வழிநடத்தும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும், பின் சிங்கப்பூருக்கும் கைமாறும்.

பகல் விமானமாக இருந்தால், போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். சுமத்ரா அந்தப் பக்கம்தான். இரவு விமானத்திலும் கண்ணுக்கு ஒரு வேலை உண்டு. மேகம் இல்லாத இரவில் மலாக்கா நீரிணையில் கப்பல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போவது மேலிருந்து தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான பயண நேரம் எவ்வளவு?

அட்டவணைப்படி சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் 4 மணி 15 நிமிடம் முதல் 4 மணி 35 நிமிடம் வரை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு 4 மணி 5 நிமிடம் முதல் 4 மணி 25 நிமிடம் வரை.

இது காற்றில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கி நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் போய் நிற்கும் நொடி வரை எண்ணப்படுவது. விமானத் துறையில் இதை 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போக 10 முதல் 20 நிமிடம், இறங்கிய பின் ஊர 5 முதல் 15 நிமிடம் இதில் அடக்கம். அவற்றைக் கழித்தால் காற்றில் இருப்பது மூன்றே முக்கால் முதல் நான்கு மணி நேரம்.

டிக்கெட்டைப் பார்த்து நானே பயண நேரம் கணக்கிடுவது எப்படி?

டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது வித்தியாசத்திலிருந்து இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 23:15-லிருந்து 06:10 வரை 6 மணி 55 நிமிடம். இரண்டரை மணியைக் கழித்தால் 4 மணி 25 நிமிடம். திரும்பும்போது 20:20-லிருந்து 22:00 வரை 1 மணி 40 நிமிடம். இரண்டரையைக் கூட்டினால் 4 மணி 10 நிமிடம்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது 'வித்தியாசம் இரண்டு மணி நேரம்தானே' என்றால் அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரியாக இருந்ததுதான். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. இரண்டரை ஆனது அதற்குப் பிறகு. இரண்டு ஊரிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, அதனால் ஆண்டு முழுவதும் இதே கணக்கு.

வருகை நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று இருக்கிறதே?

மறுநாள் போய்ச் சேருகிறீர்கள் என்று பொருள். நள்ளிரவில் இப்படித் தேதி மாறுவது இரண்டு இடத்தில் ஆளை மாட்டிவிடும்.

ஒன்று, விடுதி முன்பதிவு. 14-ஆம் தேதி இரவு 23:15 விமானம் என்றால் சிங்கப்பூரில் நுழைவது 15-ஆம் தேதி காலை. அறையை 15-லிருந்து போட வேண்டும். ஆனால் பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். காலை ஏழு மணிக்கே அறை வேண்டும் என்றால் 14-லிருந்தே போட வேண்டியிருக்கும். சிங்கப்பூர் வருகை அட்டையையும் (இணையத்தில் நிரப்புவது) வந்திறங்கும் தேதியை வைத்தே நிரப்ப வேண்டும், புறப்படும் தேதியை வைத்து அல்ல. வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளத்தைக் கண்டால் மூடிவிடுங்கள்.

இரண்டாவது இதைவிட மோசம், விமானத்தையே தவறவிட வைப்பது. டிக்கெட்டில் '15-ஆம் தேதி 00:30' என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். 00:01 முதல் 02:59 வரை எந்த நேரம் இருந்தாலும், நாள்காட்டியில் முந்தைய நாள் கட்டத்தில் 'இன்று இரவு கிளம்ப வேண்டும்' என்று எழுதி வையுங்கள்.

கிழக்கே போனால் வேகம், மேற்கே போனால் தாமதம் என்பார்களே. இங்கே தலைகீழாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. அந்த விதி வடக்கே உள்ள நாடுகளுக்குப் பொருந்துவது. அங்கே பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தக் காற்றின் பிடி தளர்ந்துவிடும்.

தென்னிந்தியாவுக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை நடப்பதோ நேரெதிர். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே நாட்களில், மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. வானிலை அறிஞர்கள் இதை 'வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று' என்பார்கள். இதைக் கண்டறிந்து விளக்கியதில் முதன்மையானவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், 36,000, 38,000 அடியிலும் தாக்கம் தெரியும். அதனால் ஆடி, ஆவணியில் சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு எதிர்க்காற்று, சென்னைக்கு வருகிறவருக்குப் பின்காற்று.

எவ்வளவு வித்தியாசம் வரும்? காற்றே இல்லாதபோது மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் 1,580 கடல் மைலைக் கடக்க சுமார் 3 மணி 31 நிமிடம். 40 கடல் மைல் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 410 ஆகி, 3 மணி 51 நிமிடம். அதே 40 பின்காற்றானால் 490, அப்போது 3 மணி 13 நிமிடம். எதிர்க்காற்றில் இழப்பது 20 நிமிடம், பின்காற்றில் கிடைப்பது 18 நிமிடம். போக்கும் வரத்தும் சேர்த்தால் காற்றால் எப்போதும் நஷ்டம்தான், ஏனென்றால் எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கத் துபாய் சரியான ஊர். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கி.மீ. சிங்கப்பூர் தூரத்துக்கு அச்சு அசல், எதிர்த் திசையில். துபாய் பாதை வடமேற்கே ஏறுவதால் குளிர்காலத்தில் மேற்கத்தியக் காற்றின் வழியில் போய் நிற்கிறது. அதனால் போக நாலேகால் மணி நேரம் ஆகிற இடத்தில் வர நான்கு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தூரம் ஒன்றே, காற்றுதான் வேறு.

தூரம் கூடியும் நேரம் குறைந்த வழித்தடமும் உண்டு. ஏர் இந்தியா 2016 அக்டோபரில் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது. பின்காற்றின் தயவில் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது.

எந்த ரக விமானம் என்பதால் நேரம் மாறுமா?

மாறும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானம் ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் பறக்கும், மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 0.85 பங்கில், மணிக்கு 900 கி.மீ.-ஐத் தொடும். 2,925 கி.மீ.-க்கு இது 15 முதல் 17 நிமிட வித்தியாசம். பெரிய விமானத்தில் ஏறவும் இறங்கவும் கூடுதல் நேரம் ஆகும். பெட்டி வரவும் தாமதமாகலாம். மிச்சப்பட்ட நிமிடங்கள் அங்கேயே கரைந்துவிடும். இருக்கை வசதிக்காகப் பெரிய விமானத்தைத் தேர்ந்தெடுங்கள், நேரத்துக்காக வேண்டாம்.

எந்த இரண்டு ஊருக்கும் பயண நேரத்தை மனக்கணக்காகப் போட முடியுமா?

முடியும். கிலோமீட்டரை 830-ஆல் வகுங்கள். அதோடு 40 நிமிடம் சேருங்கள். ஊர்வது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, இறங்கும் வரிசையில் காத்திருப்பது எல்லாம் அந்த 40-க்குள் வரும். ஜெட் விமானம் 35,000 அடிக்கு ஏற 20 முதல் 25 நிமிடம் எடுக்கும். இறங்கத் தொடங்குவது விமான நிலையத்துக்கு 200 கி.மீ. முன்பே.

சென்னை – கொழும்பு சுமார் 645 கி.மீ. வகுத்தால் 47 நிமிடம், கூட்டினால் 1 மணி 27 நிமிடம். அட்டவணையும் அதையேதான் சொல்லும். சென்னை – சிங்கப்பூருக்கு 3 மணி 31 நிமிடத்தோடு 40 சேர்த்தால் 4 மணி 11 நிமிடம். மேலே அட்டவணை நேரம் இதைவிடச் சற்று அதிகமாக இருப்பதற்குக் காரணம், நிறுவனங்கள் தாமதத்துக்கென்று சில நிமிடங்களைக் கூடவே வைத்திருப்பது.

இந்தக் கணக்கு உதைக்கும் இடம் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) விமானங்கள். சென்னை – யாழ்ப்பாணம் (பலாலி) சுமார் 355 கி.மீ.தான், கொழும்புத் தூரத்தில் பாதியை ஒட்டியது. ஆனாலும் ஏடிஆர் 72 விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அதற்கு 830-க்குப் பதில் 480-ஆல் வகுத்து, 30 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் 20 நிமிடம் முன்னதாக இறங்குகிறது, இன்னொரு நாள் வானத்திலேயே வட்டமடிக்கிறது. ஏன்?

முன்னதாக இறங்குவது பெரும்பாலும் அட்டவணையில் வைத்த கூடுதல் நிமிடங்கள் செலவாகாமல் மிஞ்சுவதால். தாமதத்துக்குக் காரணங்கள் பல.

சென்னையின் முதன்மை ஓடுதளம் கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். வடகிழக்குப் பருவத்திலும், கடற்காற்று உள்ளே வரும் பிற்பகலிலும் கிழக்கு நோக்கிக் கிளம்பும். ஏறிய உடனே கடல், அப்படியே சிங்கப்பூர் பக்கம் திரும்பிவிடலாம். தென்மேற்குப் பருவத்தில் மேற்கு நோக்கிக் கிளம்பி, வளைந்து திரும்பி, ஊரைத் தாண்டிக் கடலுக்கு வர வேண்டும். அதில் ஐந்து நிமிடம் வரை போகும். திரும்பி வரும்போது இதுவே சாதகம். கடலிலிருந்து நேராக வந்து இறங்கிவிடலாம்.

சாங்கியில் கவனிக்க வேண்டியது அதிகாலைப் புயல்மழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து இடிமேகங்கள் ஒரே கோடாகக் கிளம்பி மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன்னும் காலையிலும் சிங்கப்பூரை அடிக்கும். நம் இரவு விமானங்கள் போய் இறங்கும் நேரமும் அதுவே. மேகக்கோடு கடக்கும்வரை விமானங்களைச் சுற்ற வைப்பார்கள். ஓடுதளத்தில் மின்னல் அபாயம் இருந்தால் தரையில் வேலை செய்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்வதால், இறங்கிய பின்னும் பெட்டி வர நேரமாகும். மறுவிமானம் பிடிக்க வேண்டியவர்கள் இந்த மாதங்களில் இரண்டு மணி நேர இடைவெளியை நம்ப வேண்டாம்.

சுற்றும்போது எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. சேருமிடம் வரைக்கும், வழியில் எதிர்பாராத செலவுக்கும், மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் 30 நிமிடம் காத்திருக்கவும் போதுமான எரிபொருள் ஏற்றியே கிளம்ப வேண்டும் என்பது விதி.

கோலாலம்பூர் வழியாகப் போனால் தூரம் கூடுமா?

கூடாது என்றே சொல்லலாம். சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 297 கி.மீ. கூட்டினால் நேர்வழியோடு ஓரிரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். கோலாலம்பூர் கிட்டத்தட்டக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கொழும்பு வழி அப்படி இல்லை, சுமார் 470 கி.மீ. கூடுதல்.

நேரம் வேறு கதை. கோலாலம்பூர் வழியில் முதல் கட்டம் நான்கு மணி நேரம், இரண்டாவது 297 கி.மீ.-க்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், நடுவில் குறைந்தது ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஆறரை மணிக்குக் குறையாது. இரண்டு கட்டமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனி டிக்கெட் வாங்கினால் பெட்டியை நீங்களே எடுத்து, மலேசியக் குடிநுழைவைக் கடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அப்போது நாலு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

திருச்சியிலிருந்து போனால் பக்கமா?

இல்லை. திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., சென்னையைவிட 55 கி.மீ. கூடுதல். திருச்சி தெற்கே இருந்தாலும் மேற்கேயும் தள்ளி இருக்கிறது. பறக்கும் நேரத்தில் நாலு நிமிடம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் சாலையில் சென்னைக்கு வந்து சேரும் ஆறேழு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இதை நினைக்கவே வேண்டியதில்லை.

விமான நிலையத்துக்கு எப்போது போக வேண்டும்? அழைக்க வருபவர் எப்போது வர வேண்டும்?

புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு. செக்-இன் கவுன்ட்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும், சில அதற்கும் முன்னால். விமானத்தின் வாயில் புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடத்துக்கு முன்பு மூடும். டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நகரும் நேரம், நீங்கள் ஏறும் நேரம் அல்ல.

சாங்கியில் இறங்கிய பின் வெளியே வர, பெட்டி இல்லாதவருக்கு 30 நிமிடம், பெட்டி உள்ளவருக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் காலை 5:30 மணியளவில்தான் தொடங்கும். லிட்டில் இந்தியா போகிறவர்கள் எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் வழித்தடத்துக்கு மாறினால் நேராகப் போய் இறங்கலாம். நான்காம் முனையத்தில் இறங்கினால் ரயில் நிலையத்துக்கு முதலில் இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும், அதற்கு 15 நிமிடம் கூடுதல்.

சென்னையில் 22:00-க்கு இறங்கும் விமானத்தில் வருபவர், குடிநுழைவும் பெட்டியும் சுங்கமும் முடித்து வெளியே வர 22:50 ஆகலாம். மெட்ரோ இரவு 11 மணியோடு முடிந்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். காரில் அழைக்க வருபவர் 22:30-க்கு வீட்டிலிருந்தே விமான எண்ணைச் செயலியில் பார்த்து, தரையிறங்கியதை உறுதி செய்துகொண்டு கிளம்பினால் நிறுத்துமிடக் கட்டணமும் மிச்சம்.